மாமியாரின் காருக்குப் பைக் இன்ஜெக்‌ஷன்

என் மனைவிக்குத் தெருவில் பெயரே ‘ஸ்பேனர் அக்கா’தான். பதினெட்டு வருடமாகப் பைக் பட்டறை நடத்துகிறாள். எனக்கு டயருக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? கார் மெக்கானிக்குகள் அவளை இளக்காரமாகப் பேசினால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மாமியார் பிரசவம் பார்க்கும் நர்ஸ். முப்பது வருடம் ஒரே காரில் வீடு வீடாகப் போனவர். அவர் காலமான பிறகு அந்தக் கார் இவளுக்கு வந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் தேய்ந்துபோய், ஸ்டார்ட் செய்தால் தெருவே இருமும். புகைச் சோதனையில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது முறையும் தோற்றால் உடைக்கத்தான் கொடுக்க வேண்டும். அம்மாவின் காரை உடைப்பதா என்று இவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

இவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், கார் பட்டறைக்காரர். “இதுக்குப் பார்ட்ஸே வர்றதில்ல, விட்டுத் தொலை” என்றார்.

“கார்புரேட்டரைத் தூக்கிட்டு, பைக் இன்ஜெக்‌ஷனைப் போடப் போறேண்ணே.”

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ரெண்டு சக்கரத்துச் சாமானை நாலு சக்கரத்துல மாட்டுவியா?”

“சக்கரம் எத்தனைன்னு இன்ஜினுக்குத் தெரியாதுண்ணே.”

விபத்தில் நசுங்கிய பெரிய பைக் ஒன்றை வாங்கி வந்தாள். அதற்கும் நாலு சிலிண்டர், காருக்கும் நாலு. காற்று போகும் குழாய்கள், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர்கள், அளவு பார்த்து ஊற்றச் சொல்லும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கழற்றினாள். பைக்கில் குழாய்கள் நெருக்கியடித்து நின்றன, காரில் தள்ளித் தள்ளி வேண்டும். ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் அலுமினியத் துண்டு கடைந்து வைத்துச் சேர்த்தாள். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. சாப்பாட்டு மேசை முழுக்க வயர், நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். கடைசியில் ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் கார் ஓடியது. புகையே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சோதனை நாளன்று மச்சானும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். காரை அணைத்துவிட்டு வரிசையில் காத்திருந்தோம். அதிகாரி வந்து வண்டிப் பேப்பர்களைக் கேட்டார். காட்டிவிட்டு, டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்து மூடினேன். எங்கள் முறை வந்தது. அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்பின் சத்தமே கேட்கவில்லை. பின்னால் ஹாரன் அலறியது.

“அஞ்சு நிமிஷம் பார்ப்பேன். அப்புறம் ஃபெயில்னு எழுதிடுவேன்” என்றார் அதிகாரி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பேப்பரை எப்படி வச்சீங்க?”

“உள்ள ஒரு கறுப்பு டப்பா இடைஞ்சலா நின்னுச்சு. பிடுங்கிப் படுக்கப் போட்டு, மேல வச்சேன்.”

“போச்சு போங்க.”

பைக் சாய்ந்து விழுந்தால் பெட்ரோலை நிறுத்தும் சென்சாராம் அது. நான் படுக்கப் போட்டதும், பைக் விழுந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டிவிட்டது. டப்பாவை நிமிர்த்தி ஒட்டினாள். சாவியை அணைத்து மறுபடி திருப்பினாள். பம்ப் ‘ஙொய்’ என்றது. கார் பிடித்துக்கொண்டது.

அதிகாரி புகைக்குழாயில் கருவியைச் செருகி, ஒன்றுக்கு இரண்டு முறை அளந்தார். “பாஸ்” என்று முத்திரை குத்திவிட்டு, “இந்த வயசு வண்டியில எப்படி சார் பண்ணீங்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நான் படுக்கப் போட்டதோட சரி சார். எல்லாம் இவங்க வேலை” என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

மச்சான் பானெட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

“என்கிட்ட இதே மாதிரி ஒரு கார் கிடக்கும்மா. யாராலயும் முடியல. வந்து பாக்கறியா?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“என் பட்டறைக்குக் கொண்டாண்ணே” என்றாள்.