ஸ்போக் அளந்து சரி சொன்ன அக்கா

இந்த நினைவு மலரின் முதல் பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சிரித்த முகமாக வேறு படம் கிடைக்கவில்லையா என்று உறவினர் சிலர் கேட்டார்கள். தேடாமல் இல்லை. எந்தப் படத்தை எடுத்தாலும் அக்கா களைத்துத்தான் இருக்கிறார், கல்யாணப் படம் உட்பட. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், தம்பியாகிய நான் அறிந்த அக்காவை உள்ளபடியே உங்கள் முன் வைக்கிறேன்.

அக்கா கோவில்பட்டியில் பிறந்தார். அம்மா காலமானபோது அவர் பள்ளிப் படிப்பை முடித்திருக்கவில்லை. அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. அடுப்பும் நானும் அக்காவின் பொறுப்பில் வந்து விழுந்தோம். புத்தகத்தை மூடி வைத்தவர் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ராணுவ வாகனப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த அத்தானை மணந்து டெல்லிக்கு வந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அத்தான், கரோல் பாக்கில் ஒரு சந்தில் கடை வைத்தார். மோட்டார் சைக்கிள் சக்கரம் மட்டும்தான் வேலை. பழைய சக்கரத்தைப் பிரித்து, புது ரிம்மும் புது ஸ்போக்குகளும் போட்டுக் கட்டி, கோட்டம் எடுத்துக் கொடுப்பார். கடைக்கு மேல் மாடியில் வீடு. மத்திய அரசு வேலை கிடைத்து வந்த நானும், கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை அந்த மாடியில்தான் அக்கா கையால் சாப்பிட்டேன்.

ஆபீசுக்குப் போக நான் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். பின் சக்கரத்தில் ஸ்போக்குகள் துருப்பிடித்திருந்தன. அத்தான் ஒன்றைக் கழற்றி, அதையே மாதிரியாக வைத்து, அதே நீளத்தில் புதிய ஸ்போக்குகள் வாங்கிப் போட்டார். ராணுவப் பட்டறையில் அவருக்கு அதுதான் பழக்கம். அங்கே வண்டியில் இருப்பது எப்போதும் அந்த வண்டிக்கு உரிய ஸ்போக்காகத்தான் இருக்கும். பல கைகள் மாறி வந்த என் வண்டியில் அப்படி இல்லை. யாரோ வேறு வண்டியின் ரிம்மைப் போட்டு, பழைய ஸ்போக்குகளை அப்படியே இழுத்துப் பிடித்து முடுக்கியிருக்கிறார்கள். நீளம் போதாத அந்த ஸ்போக்குகளின் மரை, நுனியில் திருகும் நிப்பிளுக்குள் பாதிகூட ஏறவில்லை. மாதிரியே தப்பு என்று அத்தானுக்குத் தோன்றவில்லை. கட்டிய சக்கரம் சுற்றிவிட்டுப் பார்த்தால் ஆடாமல் நேராகத்தான் ஓடியது.

ரிங் ரோட்டில் வைத்து ஸ்போக்குகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டன. சக்கரம் கோணியது, நான் விழுந்தேன், கால் முறிந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் சுதாரித்து பிரேக் போட்டதால் இன்று இதை எழுதுகிறேன்.

என் கால் கூடிவிட்டது. அத்தானின் கைதான் கூடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மாடியில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்போக்கை எடுத்தால் விரல் நடுங்கும். ஊருக்கே போய்விடலாம் என்றார். அக்கா எனக்குக் கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்காருவார். ஒரு நாள் காலையில் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நீங்க அளங்க. நான் மறுபடி அளக்கேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணா தப்பு வராது."

அன்று முதல் கடையில் அக்காவுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. பழைய ஸ்போக்கை மாதிரியாக எடுப்பது அன்றோடு நின்றது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் துளைக்குத் துளை அளப்பார்கள், ரிம்மின் விட்டத்தை அளப்பார்கள். பிரேக் டிரம் இருக்கும் பக்கத்துக்கு ஒரு நீளம், எதிர்ப்பக்கத்துக்கு ஒரு நீளம். முதலில் சில ஸ்போக்குகளை மட்டும் கோத்துப் பார்ப்பார்கள். ஸ்போக்கின் நுனி, நிப்பிளின் தலையில் இருக்கும் வெட்டு மட்டத்துக்கு வர வேண்டும். குறைந்தால் பிடிக்காது, கூடினால் டியூபைக் குத்தும். அத்தான் அளந்து நீளத்தைச் சொல்வார். அக்கா ஸ்டீல் ஸ்கேலில் ஸ்போக்கை வைத்துப் பார்த்து "சரி" என்பார். அதன் பிறகுதான் அத்தான் கட்டத் தொடங்குவார்.

ஆரம்பத்தில் இது சில மாதங்களுக்கு என்றுதான் நினைத்தோம். வருடக்கணக்கில் போயிற்று. அத்தானின் நடுக்கம் நின்றுவிட்டது, பெயரும் வந்தது, ஆனால் அக்காவின் "சரி" இல்லாமல் ஒரு சக்கரமும் கட்ட மாட்டார். பாபிஜி, அதாவது அண்ணி, வந்தால்தான் உஸ்தாத் கை வைப்பார் என்று வாடிக்கையாளர்களும் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதை நான் அக்காவிடம்தான் பார்த்தேன். மேலே சமையல், கீழே ஸ்கேல், நடுவில் அந்தச் செங்குத்துப் படிக்கட்டு. அப்பாவின் காரியத்துக்கு ஊர் போனவர், பதினாறாம் நாள்வரை இருக்க முடியாமல் திரும்பினார். கடையில் சக்கரங்கள் குவிந்து கிடந்தன. எனக்கு அத்தான்மேல் கோபம் வந்தது. சொன்னால் அக்கா, "அவுக என்ன வேணும்னா செய்தாக?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

கரோல் பாக் தெருவில் மெட்ரோ தூண்களுக்குத் தோண்டத் தொடங்கிய சமயம், அக்காவின் சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டது. நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பார்வை இனித் திரும்பாது, சின்னக் கோடுகளெல்லாம் தெரியாது என்றார் டாக்டர். ஆட்டோவில் திரும்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தான்ட்ட சொல்லிராத தம்பி. நான் பாக்கலன்னு தெரிஞ்சா சக்கரத்துலருந்து கைய எடுத்துருவாக."

அதன் பிறகும் அக்கா தினமும் படியிறங்கினார். சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவார். ஸ்கேலில் ஸ்போக்கை வைத்து, விரலால் தடவி, "சரி" என்பார். சிறுநீரகமும் கெட்டு, படுக்கையில் விழும்வரை அது நடந்தது.

அந்தக் கடைசி மாதங்களில் தோள் கொடுத்தவர்களை மறக்க முடியாது. மாடிப்படியில் நாற்காலியோடு அக்காவைத் தூக்கி இறக்கிய பக்கத்துக் கடைக்காரர்கள், கேட்காமலே ரத்தம் கொடுத்த என் ஆபீஸ் நண்பர்கள், ரசம் சாதம் கொண்டுவந்த கிட்வாய் நகர்த் தாய்மார்கள், இறுதிக் காரியங்களுக்கு ரயிலேறி வந்த சொந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா போனபின் கடை பூட்டியே கிடந்தது. போன வாரம் ஒரு பழைய வாடிக்கையாளர் விடாப்பிடியாக ஒரு சக்கரத்தை வைத்துவிட்டுப் போனார். நான் போனபோது அத்தான் ஹப்பையும் ரிம்மையும் அளந்து முடித்து, சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் ஸ்போக்கையும் ஸ்கேலையும் நீட்டி, ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் வாங்கவில்லை. அக்கா சொல்ல வேண்டாம் என்றதை அப்போது சொல்லிவிட்டேன். மெட்ரோ தோண்டிய நாளிலிருந்து அக்கா ஸ்கேலைப் பார்க்கவே இல்லை, அத்தனை சக்கரமும் அத்தான் தனியாகவே அளந்து கட்டியவை என்றேன்.

அத்தான் காலியாகக் கிடந்த ஸ்டூலை வெகுநேரம் பார்த்தார்.

"அப்பவே சொல்லியிருந்தா, அவள மாடில படுத்துக் கெடக்கவாவது விட்டிருப்பேனே."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே ஸ்போக்கை எடுத்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். தனக்குத்தானே மெல்ல "சரி" என்று சொல்லிவிட்டுக் கோக்கத் தொடங்கினார்.

அக்கா, நீங்கள் இனிப் படியிறங்க வேண்டாம். படுத்துக்கொள்ளுங்கள்.