வாசலில் தொங்கிய மமில்லேரியா

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்குமேல் தாவரவியல் பட்டமும் வாங்கி, இப்போது ஊர்காவற்றுறையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. முயன்றதும் இல்லை.

பள்ளிக் கண்காட்சிக்கென்று நாலு கக்டஸ் சாடிகளை வீட்டில் வளர்த்து, ஒவ்வொரு பேரினத்துக்கும் பெயர் வந்த கதையை அட்டையில் எழுதினேன். எங்கள் நாகதாளி ஒபுன்டியா. பழைய கிரேக்க நகரமொன்றின் பெயரிலிருந்து வந்தது. தூண்போல் நிற்கும் செரியஸ், இலத்தீனில் மெழுகுதிரி. மெலோகக்டஸ், முலாம்பழம்போல் உருண்டது. மமில்லேரியாவில்தான் பேனை நின்றது. அதன் பொருள் முலைக்காம்பு. ஒன்பதாம் தரப் பிள்ளைகளை நினைத்து, 'உடலெங்கும் சிறு முகடுகள் இருப்பதால்' என்று எழுதித் தப்பினேன்.

அந்த முகடுகளுக்கு இடையில் வட்டமாக மொட்டுகள் வந்திருந்தன. கண்காட்சியில் அது பூக்க வேண்டும் என்பதே என் ஒரே கவலை.

இரண்டு நாள் இருக்கையில், மாலை பஸ்ஸில் புளியங்கூடலுக்கு வந்து இறங்கினால், வாசல் நிலையில் மமில்லேரியா தொங்குகிறது. வேர் மேலே, தலை கீழே, இடையில் ஒரு கயிறு.

"என்னம்மா இது?"

"கண்ணூறு படாமல் கட்டினனான். ஊர் முழுக்க உன்ரை உத்தியோகக் கதைதான்."

"அதுக்குக் கற்றாழை எல்லோ கட்டுறது?"

"அது எல்லாற்றை வாசலிலையும் கிடக்கு. உதிலைதான் முள்ளு நிறைய."

வேலியில் நின்ற சதுரக்கள்ளியைக் காட்டி, அதைக் கட்டச் சொன்னேன். அதிலும் முள் இருக்கிறதே என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனால் அது வேறை குடும்பம் அம்மா. வெட்டினால் பால் வடியும். இதிலை பாருங்கோ, முள்ளு வாற இடத்திலை குட்டி மெத்தை மாதிரி ஒரு புள்ளி. அரியோல் எண்டு சொல்லுறது. அது இருந்தால்தான் அசல் கக்டஸ்."

"அப்ப அசலை அவிட்டுப்போட்டுப் போலியைக் கட்டச் சொல்லுறாய்?"

பட்டம் பெற்றவள் பேரம் பேச இறங்கினாள். கடைசியில், கண்காட்சி முடிந்ததும் திரும்பக் கட்டுவது என்ற உடன்பாட்டில் செடியை வாங்கிச் சாடியில் நட்டேன். தண்டில் நீர் சேர்த்து வைக்கும் இனம். ஒரு பகல் தொங்கியதில் சாகாது. ஆனாலும் ஒரு மொட்டு உதிர்ந்தது.

கண்காட்சியன்று காலையில் மற்ற மொட்டுகள் மூடியே இருந்தன. யன்னலோரம் வைத்தேன். வெயில் ஏற ஏற, ரோசா நிறத்தில் ஒரு வளையமாக விரிந்தன. பிள்ளைகள் மொய்த்தார்கள், ஆசிரியர்கள் படம் எடுத்தார்கள். நல்ல சேலை உடுத்து வந்த அம்மா கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தா. பூவைப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களைப் பார்த்தா. பிறகு கைப்பையில் இருந்த மையைத் தொட்டு, சாடியில் பெரிதாக ஒரு கறுத்த பொட்டு வைத்தா.

"இதை இனி வாசலிலை கட்ட ஏலாது, பிள்ளை," என்றா மெதுவாக. "இதுக்கே கண்பட்டுப் போச்சு."