பால் காய்ச்சாத ஒரு மாதம்

ஊரில் மகளுக்கு டி.சி. வாங்கிய பிறகுதான் சென்னையில் பள்ளிக்கூடம் தேட ஆரம்பித்தோம். இதைவிடப் பெரிய மடத்தனத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை. என் கணவர் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் இருந்தார். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைச் சமாளிக்க ஆள் போதவில்லை என்று, ஆனி மாத நடுவில் அதே முதலாளியின் தி.நகர்க் கடைக்கு அவரை மாற்றினார்கள். இனி அங்கேயேதான் என்றும் சொல்லிவிட்டார்கள். மனிதர் தலைகால் புரியாமல் சரி என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையின் டி.சி.யைக் கையோடு வாங்கி வந்துவிட்டார். நான் கத்தினேன். "மெட்ராஸ்ல பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்?" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லைதான். இடம்தான் இல்லை. ஜூன் தாண்டிவிட்டால் எந்த வாசலில் போய் நின்றாலும் அட்மிஷன் முடிந்துவிட்டது என்று ஒரே பாட்டு. நானும் மகளும் வேளச்சேரியில் என் கணவரின் அக்கா வீட்டில் வந்து இறங்கினோம். இவர் மற்ற ஆட்களோடு கடை மாடியிலேயே தங்கிக்கொண்டார். மதினி நல்லவள், குறை சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: அங்கேயே பக்கத்தில் ஒரு ஃப்ளாட், வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும் வேன், நன்கொடை கொடுத்தால் எப்போதும் இடம் இருக்கிற ஒரு பெரிய பள்ளிக்கூடம். அங்கே கட்டணம் விசாரித்தபோது, சொன்ன தொகை வருஷத்துக்கா என்று கேட்டேன். தவணைக்கு என்றார்கள். நாளெல்லாம் சேலை விரித்து மடிக்கிற மனிதரின் சம்பளத்தில் அதைக் கட்டிவிட்டு நாங்கள் காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில்தான் முடிவு செய்தேன். வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் தேடுகிற வேலை வேண்டாம். முதலில் பள்ளிக்கூடம். காசு பிடுங்காமல் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறதோ, அங்கே நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு. அது ஒற்றை அறையாக இருந்தாலும் சரி. மதினி சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நல்ல பள்ளிக்கூடம் எது என்று யாரிடம் கேட்டாலும் பேப்பரில் விளம்பரம் வருகிற பெயர்களையே சொன்னார்கள். அதனால் கேட்பதை நிறுத்திவிட்டு, தினமும் பறக்கும் ரயில் ஏறி வந்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் நிற்க ஆரம்பித்தேன். வெளியே வருகிற பிள்ளையிடமும் அதன் அம்மாவிடமும் பேச்சுக் கொடுத்து, நோட்டைக் கொஞ்சம் காட்டச் சொல்வேன். சிவப்பு மையைத்தான் பார்ப்பேன். பக்கத்துக்கு ஒரு டிக் அடித்துத் தள்ளியிருந்தால் நகர்ந்துவிடுவேன். பிழையைத் திருத்தி, கீழே மறுபடி எழுத வைத்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மறுநாளும் போவேன். தி.நகரில் ஒரு வாட்ச்மேன் என்னைப் பிள்ளை பிடிக்க வந்தவள் என்று நினைத்து விரட்டினார். அவர் மேல் தப்பில்லை. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் மனசுக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஜூனில் வாருங்கள் என்றார்கள்.

மகள் இதற்குள் பேச்சைக் குறைத்துவிட்டாள். மதினி வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, காலையில் வேன்களில் ஏறும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரில் கணக்கில் எப்போதும் முதல் மூன்று பேரில் இருந்தவள். ஒருநாள் தன் பழைய நோட்டையே எடுத்து, செய்த கணக்குகளை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

மயிலாப்பூரில் அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளி. கட்டடம் பழசு, சுண்ணாம்பு உரிந்திருந்தது. ஆனால் நான் பார்த்த ஆறேழு நோட்டுகளிலும் சிவப்பு மை வரிக்கு வரி இருந்தது. தொடர்ந்து நாலு நாள் அந்த வாசலுக்குப் போனேன். வாசலில் மாங்காய்ப் பத்தையும் நெல்லிக்காயும் விற்கிற அக்கா என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பட்டினப்பாக்கத்துக்காரி. நாலாம் நாள் கேட்டேவிட்டாள்.

"இன்னாம்மா, டெய்லி வந்து நின்னுக்கினு கீற. கூட்டிக்கினு போக உனுக்குப் புள்ளையும் இல்ல. இன்னா மேட்டரு?"

சொன்னேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கக்கேடு. தன் மகளும் இங்கேதான் எட்டாவது படிக்கிறாள் என்றாள். டீச்சர்கள் லீவே போட மாட்டார்களாம். அதுதான் அவளுக்குப் பெருமை. அப்புறம் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் அவள் கூடையையே விலைக்கு வாங்கியிருக்கலாம். ஆறாவதில் ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு வெளியூர் மாற்றல். அந்தப் பிள்ளை நேற்றுதான் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறை வாசலில் முதல் ஆளாக நின்றேன். அவர் மகளை உட்காரவைத்து நாலு கணக்குக் கொடுத்தார், ஒரு பக்கம் தமிழ் எழுதச் சொன்னார். பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். வேளச்சேரி என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

"மழை வந்தா அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க வாரக்கணக்குல வர மாட்டாங்க. எனக்கு அது சரிப்படாது. இங்க பக்கத்துல வீடு பாத்து, அக்ரிமெண்டோட வாங்க. திங்கட்கிழமை வரைக்கும் இந்த சீட்டை வச்சிருக்கேன்."

அன்றைக்குப் புதன்கிழமை. ஆடி பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

ஆடியில் வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். டு-லெட் போர்டுகள் தெருவுக்கு இரண்டு தொங்கின. உள்ளே போய்க் கேட்டால், ஆவணியில் வாங்க என்று கதவைச் சாத்தினார்கள். புரோக்கர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். இவரிடம் போனில் சொன்னால், ஆடி முடியட்டுமே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் மட்டும் ஆடியை வைத்து வியாபாரம் பண்ணலாம், நான் ஆடியில் ஒரு வீடு பிடிக்கக்கூடாதா என்று கேட்டேன். அது வேற, இது வேற என்று சொல்லிவிட்டு, கஸ்டமர் வந்துவிட்டதாக வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடிப் போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே கொஞ்சம் மொட்டை மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடத்து மதில். வீட்டுக்காரர் ஒரு மாமி, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கீழே தனியாக இருந்தார். சைவமா என்று கேட்டார். சைவம்தான். நல்லவேளை, அதில் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாடகை எங்களுக்குக் கொஞ்சம் கைமீறியது. அதைப் பேசுவதற்கு முன்பே மாமி கையை விரித்துவிட்டார்.

"ஆடில யாராவது புது ஆத்துல பால் காய்ச்சுவாளோ? ஆவணி பொறக்கட்டும், வா."

திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமைதான், மாமி. அதைச் சொன்னேன். பிள்ளையைக் காட்டினேன். மாமிக்கு இரக்கம் இருந்தது, பயம் அதைவிட அதிகம் இருந்தது. அந்த மாடியில் முன்பு ஆடியில் குடிவந்த ஒருவர் மூன்றே மாதத்தில் காலை ஒடித்துக்கொண்டாராம். படியிறங்கிப் பாதி வந்துவிட்டேன். அங்கிருந்து திரும்பி ஏறிப் போய்க் கேட்டேன்: "மாமி, குடிபோறதுன்னா பால் காய்ச்சுறதுதான? நான் காய்ச்சல. அடுப்பே பத்தவைக்க மாட்டேன். ஆவணியில நீங்க நாள் குறிச்சுக் குடுங்க, அன்னைக்குத்தான் குடிவந்ததாக் கணக்கு. அதுவரைக்கும் நாங்க உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி."

சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்றார். கரண்ட் குக்கர் என்றேன். மாமி யோசித்தார். நெருப்பு இல்லாத அடுப்பு அடுப்பாகுமா என்று அவருக்குள்ளேயே ஒரு வாதம் நடந்தது தெரிந்தது. கடைசியில், குக்கரில் நெருப்பு இல்லைதான் என்று ஒத்துக்கொண்டார். அந்தச் சூட்டோடு சூடாக, ஊரெல்லாம் தள்ளுபடி போடும்போது வாடகையிலும் கொஞ்சம் ஆடித் தள்ளுபடி போட்டால் என்ன என்று கேட்டேன். மாமி முதல்முறையாகச் சிரித்தார். ஜவுளிக்கடைக்காரர் ஆம்படையாள்னு நிரூபிச்சுட்டே என்றார். முதல் மாதத்துக்குப் பாதி வாடகை என்று முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் முதலில் சொன்னதில் ஐந்நூறு குறைத்துக்கொண்டார். அக்ரிமெண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மகள் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து நடந்தால் நாலு நிமிஷம். அன்று சாயங்காலம் வந்தவள் இரண்டு மணி நேரம் வாய் ஓயாமல் பேசினாள். அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஒரு மாதம் அடுப்பில்லாமல் ஓட்டினேன். குக்கரில் முதலில் சோறு, பிறகு அதிலேயே பருப்பு, பிறகு அதிலேயே காய். டீக்குத் தெருமுனைக் கடை. இவர் ஆவணிக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் காலை கடைக்குப் போகுமுன் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். கேட்டுக்கு வெளியே தெருவில் நின்று கொடுத்துவிட்டு, மகள் கம்பிக்கு இந்தப்பக்கமிருந்து நீட்டிய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் உள்ளே கூப்பிடவும் இல்லை. அந்தப் பிடிவாதத்துக்கு என் பிடிவாதம் இளைத்ததா என்ன?

மூன்றாவது வாரம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணமாக இல்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மதினி போனில், சொன்னா கேட்டியா என்றாள். மாமி மாடிக்கு ஏறி வந்து வாசலிலேயே நின்றார். ஆவணி பிறக்கிறவரைக்கும் பிள்ளையை வேளச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடேன் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன். ஒரு பையில் துணியை எடுத்து வைத்துவிட்டேன்.

லீவு லெட்டர் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, மாங்காய்க்கார அக்கா இரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. என்னைப் பார்த்ததும், "உன் பொண்ணுக்குமா?" என்று கேட்டாள். "எங்க வூட்லயும் படுத்துக்கினுதான் கீது. ஆறாவதுல போய்ப் பாரு, பாதி பெஞ்சு காலி."

போய்ப் பார்த்தேன். பாதி பெஞ்சு காலிதான். வகுப்பு டீச்சர் லீவு லெட்டர்களை ஒரு கட்டாகவே வைத்திருந்தார். நான் வீட்டுக்கு வந்து பையிலிருந்த துணியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். பிறகு கீழே இறங்கிப் போய் மாமியிடம் சொன்னேன்: "மாமி, கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல். அவங்க யாரும் ஆடியில வீடு மாறலை. நாங்க எங்கயும் போகலை."

நான் மாடிக்கு வந்த கால் மணி நேரத்தில் படியில் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தார். சூடான பால்.

"எங்காத்து அடுப்புல காய்ச்சினது. இதுல ஒரு தோஷமும் இல்லை. கொழந்தைக்குக் குடு" என்றார். ஆடி முடிகிற வரை தினமும் அந்தப் பால் வந்தது.

ஆவணியில் மாமி பஞ்சாங்கம் பார்த்து ஒரு புதன்கிழமை குறித்தார். காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள். பள்ளிக்கூடத்துக்கு மணி அடிப்பது எட்டே முக்காலுக்கு. ஒரு நாள் லீவு போட்டால் என்ன, பால் பொங்கும்போது பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று மாமியும் சொன்னார், மதினியும் சொன்னாள், எட்டு மணிக்கே பூவும் பால் பாக்கெட்டுமாக வந்து நின்ற இவரும் சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் மகள் சீருடையோடு வந்து செருப்பை மாட்டினாள்.

"ஏற்கெனவே நெறைய நாள் போச்சுப்பா. பாலை நீங்க காய்ச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஒன்பதரைக்கு மாமி விளக்கேற்றினார். அந்த வீட்டில் முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்தேன். பால் பொங்குவதற்காகக் காத்திருந்தபோது, ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்து பாடம் படிக்கிற சத்தம் வந்தது. இவர் ஜன்னலோரம் போய் நின்றார். இதில் எது அவள் குரல் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, ஆனால் அவள் அதற்குள்தான் இருந்தாள். என் கண் நிறைந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"அன்னைக்கு நான் அவசரப்பட்டு டி.சி.யை வாங்கிட்டேன், இல்லியா?" என்றார் இவர், திரும்பாமலே.

"ஆமா" என்றேன். "அடுத்த டி.சி. அவ பன்னெண்டாவது முடிச்ச அன்னைக்குத்தான். அதையும் நான்தான் போய் வாங்குவேன்."