கதவுப் பிடியில் ஒரு முடிச்சு

ஈரக்கை என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே விரிப்பு மடிக்க எப்போதும் இரண்டு பேர். முனையோடு முனை சேரும்வரை ஊர்க்கதை ஓடும்.

வீட்டில் பேச்சே இல்லை. அப்பா தவறிப்போனதிலிருந்து அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்தான். "மனச்சோர்வு, மெதுவாத்தான் சரியாகும்" என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். சமையல், துணி, தலை வாருவது எல்லாம் மகள் தலையில். "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்" என்பாள். ஒரு கரண்டியைக்கூட அம்மா கையில் விடமாட்டாள். இந்தப் பிடிவாதம் அத்தை வழி வந்தது. அந்த அத்தை பிரசவ வலியிலும் பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாளாம்.

போகப்போக ஈரக்கைக்கே எதிலும் பிடிப்பு விட்டுப்போயிற்று. பஸ்ஸில் காரணமில்லாமல் அழுகை வரும். ஊரார் விரிப்பை மடிக்கிறவள் வீட்டு விரிப்பைத் துவைத்து நாற்காலியில் குவித்ததோடு சரி.

அப்போதுதான் அந்த விசித்திரம். வேலை முடிந்து வந்து பார்த்தால் விரிப்பின் இரண்டு முனை கதவுப் பிடியில் கட்டிக் கிடந்தது. அவிழ்த்துப் போட்டாள். மறுநாளும் அதே. "ஏம்மா கட்டினே?" என்று கேட்டதற்கு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"முடிச்சுன்னு சொல்றே, அம்மா ஏதாவது பண்ணிக்கப் போறா. தனியா விடாதே. நல்ல முதியோர் இல்லமாப் பார்த்துச் சேர்த்துடலாம், ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன்."

அம்மாவை அனுப்ப மனசில்லை, வேண்டாம் என்று சொல்லத் தெம்பும் இல்லை. மறுநாள் லீவு போட்டு, வேலைக்குக் கிளம்புவதுபோல் போக்குக் காட்டிவிட்டுச் சமையலறையில் ஒளிந்துகொண்டாள். அப்படி என்னதான் செய்கிறாள் அம்மா?

அம்மா எழுந்தாள். குவியலிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துக் கதவுப் பிடியில் கட்டினாள். எதிர்முனைக்குப் போய் இழுத்து, ஓரம் சேர்த்து, கதவைப் பார்த்து அதட்டினாள்: "தொய்ய விடாதீங்க!"

மடித்துக்கொண்டே கதவுவரை வந்தவளுக்கு முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அப்படியே விட்டுவிட்டு உட்காரப் போனாள்.

"அம்மா!"

"அப்பா இருந்தா அவர் பிடிப்பார். நீ செத்துச் சுண்ணாம்பா வர்றே. குவியலாவது குறையட்டும்னு பார்த்தேன்."

"என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா உட்காருன்னுவே."

ஈரக்கை கதவருகே போனாள். முடிச்சை அவிழ்த்து, அந்த முனையைத் தானே பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து நின்றதும் அம்மா அவன் கையில் ஒரு விரிப்பைத் திணித்தாள். அவன் முறுக்கிவிட்டான்.

"இடது கை எது, வலது கை எதுன்னு தெரியலை. நீ எனக்கு இல்லம் பார்த்தியாக்கும்!"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அம்மா இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"மாத்திரை நிக்காதுண்ணா, டாக்டர்கிட்டயும் போகணும். பேசாத நாளும் வரும். ஆனா இல்லம் வேணாம். ஞாயிறு தவறாம நீ வந்து இரு."

"நீ எங்க போவே?"

"எங்கயும் போகலை. தூங்கணும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே அம்மா அவனை விரட்டிக்கொண்டிருந்தாள்: "நேராப் பிடிடா!"