விற்ற பொருளைத் தேடிப் போனவள்

தொழில் வட்டாரத்தில் அவளை ஷாக்கக்கா என்றுதான் சொல்வார்கள். மின்சாரத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. வண்டியின் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் ஆர்ம் என்று அடிப்பாகச் சாமான்களைப் பழையதாக வாங்கிப் பழையதாகவே விற்பவள் அவள். அதுவும் எல்லா வண்டிக்கும் இல்லை, ஒரே ஒரு வண்டிக்குத்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையை உரசுகிற மாதிரி ஓடும் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார். விளக்கைப் போட்டால் முன்பக்கம் இரண்டு கண்கள் மேலே எழும்பும். அதனால் வைத்திருப்பவர்கள் அதைத் தவளை என்பார்கள்.

தவளையைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் வைத்திருப்பவர்கள் அதை விடுவதாக இல்லை. அசல் கம்பெனி கொடுத்த ஷாக் அவர்களுக்குப் போதாது. வெளிக் கம்பெனிகள் செய்கிற, வண்டியை இன்னும் தாழ்த்தி இன்னும் இறுக்கிப் பிடிக்கிற சாமான்களைத் தேடி வாங்கி மாட்டுவார்கள். ஒரு வருஷம் ஓட்டிவிட்டு இடுப்பு வலிக்கிறது என்று கழற்றி விற்பார்கள். அந்த இடுப்புவலிதான் ஷாக்கக்கா வீட்டில் அடுப்பை எரிய வைத்தது.

அவள் மெக்கானிக் இல்லை. விபத்தில் நசுங்கிய வண்டிகளை மதிப்பிடும் ஓர் அலுவலகத்தில் பதினோரு வருஷம் தட்டச்சு செய்தவள். "முன் இடது ஆர்ம் முறிந்துள்ளது, சக்கரம் உள்நோக்கி மடங்கியுள்ளது" என்று எத்தனையோ நூறு முறை அடித்திருக்கிறாள். வண்டியின் வயிற்றைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல்களால் படித்துவிட்டாள். அலுவலகத்தை மூடியபோது, உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி. ஒருவர் மேசையைத் தூக்கினார், ஒருவர் மின்விசிறியைக் கழற்றினார். அவள் பின்கட்டில் கிடந்த ஒரு தவளையின் பிணத்தைக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அதைப் பிரித்து விற்று முடிக்க அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ஊரில் இருந்த தவளைக்காரர்கள் எல்லோருக்கும் அவள் வீடு தெரிந்துவிட்டது.

வீட்டின் முன்னறையில் அவள் கணவர் பல்செட் செய்வார். நடுவில் ஒரு கதவு. பின்னறையில் அவளுடைய இரும்பு அலமாரிகள். "ஒரே வீட்டுல பல்லும் கிடைக்கும், பல்லு ஆடாம இருக்க ஷாக்கும் கிடைக்கும்" என்று தபால்காரர் வாரத்துக்கு ஒருமுறை சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

பத்து வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.

அவளுக்கு ஆர்ம் கொண்டுவந்து தருபவர்களில் ஒருவர் பூச்சுக்காரர். பழைய சாமான்களை மணல் அடித்துச் சுத்தம் செய்து, கருப்புப் பூச்சுப் பூசிப் புதுப்பெண் மாதிரி ஆக்கிக் கொடுப்பார். மூன்று வாரத்துக்கு முன் அவர் கொடுத்த ஒரு ஜோடி அலுமினிய ஆர்மை ஒருவருக்கு விற்றிருந்தாள். அதே வகையில் இன்னொரு ஜோடி இப்போது வந்திருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு அவள் வேறு வேலையாகப் போக, பிசின் டப்பாவைத் தேடிப் பின்னறைக்கு வந்த கணவர் ஆர்மைக் கையில் எடுத்தார். நாள் முழுக்கப் பல்லின் மேடுபள்ளத்தைத் தடவுகிற விரல் அவருடையது. ஓரிடத்தில் அது நின்றுவிட்டது.

"இங்க வாம்மா. இந்த இடத்துல யாரோ அரம் போட்டு ராவியிருக்காங்க."

"பூச்சு திக்கா விழுந்திருக்கும்."

"பூச்சு திக்கானா மேடா இருக்கும். இது பள்ளம்."

அவள் அந்த இடத்தில் பூச்சைக் கரைத்துத் துடைத்தாள். பிறகு விரிசல் பார்க்கும் சிவப்பு மருந்தை அடித்துப் பத்து நிமிஷம் விட்டாள். சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியை அடித்தாள். உலோகத்தில் விரிசல் இருந்தால், உள்ளே போன சிவப்பு மேலே கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நூல் மாதிரி ஒரு சிவப்புக்கோடு மெதுவாக எழுந்தது. பழைய விரிசலை வெல்டிங் வைத்து மூடி, ராவி, மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள். மூடிய இடத்தின் ஓரத்தில் விரிசல் மறுபடியும் கிளம்பியிருக்கிறது.

அவள் பொடி டப்பாவை மூடி வைத்தாள். பதினோரு வருஷம் அடித்த வாக்கியம் தானாகவே நினைவுக்கு வந்தது. சக்கரம் உள்நோக்கி மடங்கியுள்ளது.

"அப்போ அந்த முதல் ஜோடி?" என்றார் கணவர்.

அவள் விற்பனை நோட்டை எடுத்துப் புரட்டினாள். முதல் ஜோடியையும் பூச்சோடுதான் விற்றிருந்தாள். பூச்சுக்காரர்மேல் இருந்த நம்பிக்கையில் மருந்தடித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பட்டறை திறக்கும்போதே போய் நின்றாள். பூச்சுக்காரர் ஆர்மைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டார்.

"வெல்டிங் வச்சா ஒரிஜினலைவிட ஸ்ட்ராங் தங்கச்சி."

"இரும்புல சொல்ற கதையை அலுமினியத்துல சொல்லாதீங்க அண்ணே. முதல் ஜோடியிலயும் வச்சீங்களா?"

"ஒரே லாட்டுல ஆறு வந்துச்சு. எதுல வச்சேன், எதுல வைக்கலன்னு ஞாபகம் இல்ல. சரி விடு, இதைத் திருப்பிக் குடுத்துடு. வேற தர்றேன்."

திருப்பிக் கொடுத்தால் நாளைக்கு இன்னொருவர் வண்டிக்கு அடியில் இது தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். மேசையில் இருந்த அவருடைய வைஸ் இடுக்கியிலேயே ஆர்மை இறுக்கினாள். சுவரில் மாட்டியிருந்த, இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்தாள்.

"என்ன பண்ற? அது உன் காசு."

"தெரியும்."

கால் மணி நேரம் அறுத்தாள். இரண்டு துண்டாக விழுந்ததும், கோடு இருந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பத்து வருஷப் பழக்கம் அந்த வாசலில் முடிந்தது.

இனி வாங்கியவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அவரைப் பற்றி அவளிடம் இருந்தது நோட்டில் குறித்த ஒரு போன் நம்பர். அதிலும் ஓர் எண்மேல் கிரீஸ் விரல் பட்டு, மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்று போட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்றது. எட்டு போட்டால் ஒரு மாட்டு டாக்டர் எடுத்தார். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னிடம் தவளைக்கு வைத்தியம் இல்லை என்று வைத்துவிட்டார்.

வாங்கும்போது அந்த ஆள் சொன்ன ஒரு விஷயம் மட்டும் அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை தவளைக்காரர்கள் எல்லோரும் மலைப்பாதையில் சேர்ந்து ஓட்டப் போகிறார்கள் என்றிருந்தார். இரண்டாம் சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுக்கோயேன். மூணு வாரமா ஓட்டிட்டுத்தானே இருக்காரு" என்றார் கணவர். அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார்.

"நேர் ரோட்டுல ஓட்டியிருப்பாரு. மலையில வளைவுக்கு வளைவு எடை முழுக்க அந்த ஆர்ம்லதான் விழும்."

இரவு சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபோது அவளுக்கு அந்தத் துணி ஞாபகம் வந்தது. ஆர்மில் கீறல் விழக்கூடாது என்று அந்த ஆள் ஒரு பச்சை விரிப்பில் சுற்றி எடுத்துப் போனார். விரிப்பின் ஓரத்தில் 'சலவைப் பிரிவு' என்று முத்திரை இருந்தது. மருத்துவமனை விரிப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் தேட ஆரம்பித்தாள். முதல் மருத்துவமனையில் விரிப்பு வெள்ளை. இரண்டாவதில் நீலக்கோடு. மூன்றாவது நகரின் மறுகோடியில். இரண்டு பஸ் மாறிப் போனாள். பின்வாசல் கொடிகளில் பச்சை விரிப்புகள் காய்வது தெருவிலிருந்தே தெரிந்தது. சலவைப் பிரிவில், சின்னக் கடிகாரத்தைச் சட்டைப்பையில் குத்தியிருந்த ஒரு மேற்பார்வையாளர் அம்மா இருந்தார்.

"பச்சை விரிப்பு வெளிய போயிருக்கா? எத்தனை?" என்று, அவள் விரிப்பைப் பற்றிச் சொன்னதுமே நோட்டைத் திறந்தார்.

ஷாக்கக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "துணியைப் பத்திப் பேச வரலைம்மா. லைட்டு போட்டா கண்ணு மேல தூக்குற சின்னக் கார் வச்சிருக்கவர் யாராவது இங்க இருக்காரா?"

"எக்ஸ்ரேக்காரரா? அந்த வண்டி சத்தத்துலதான் இங்க பாதி நோயாளி எழுந்து உட்கார்றான்." நோட்டை மூடினார். "இன்னைக்கு லீவு. பின்னாடி குவார்ட்டர்ஸ்லதான் இருக்காரு."

குவார்ட்டர்ஸ் கதவு பூட்டியிருந்தது. ஆர்மைப் பார்க்காமல் மலைக்கு வண்டி எடுக்க வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினாள். இருட்டும்வரை காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கணவரின் ஸ்கூட்டரில் போய் இறங்கினார்கள். அவர் கையில் ஜாக்கி, அவள் பையில் மருந்து டப்பாக்கள். தவளை வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. எக்ஸ்ரேக்காரர் அதன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் கல்லூரிக்குப் போகும் வயதில் அவர் மகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சீட்டைப் பார்த்தேன்க்கா. வந்து பார்த்துக்கலாம்னு இருந்தேன். இப்போ கிளம்புற நேரம்."

"வந்து பார்க்க முடியாம போகலாம் சார். அதான் வந்தேன்."

அவர் முகம் மாறியது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த ஆர்ம் இப்போ எங்கயும் கிடைக்கல. என்கிட்ட இருந்து திரும்ப வாங்கி வேற யாருக்காவது கூடுதலா விக்கப் பார்க்கிறீங்கன்னு என் சிநேகிதன் சொல்றான்."

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. ஆனாலும் வண்டிக்கு முன்னால் இருந்து நகரவில்லை. பையிலிருந்து அறுத்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"இது உங்களுதோட கூடப்பிறந்தது. உங்களுதும் இப்படித்தான்னு நான் சொல்லல. இல்லைன்னும் சொல்ல முடியல. பார்க்காம வித்தது என் தப்பு. இப்போ பார்க்கணும்."

எக்ஸ்ரேக்காரர் துண்டை வாங்கி, பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சிவப்புக்கோட்டை நகத்தால் தொட்டார். அப்புறம் சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினார்.

"இறங்கும்மா" என்றார் மகளிடம்.

முன்சக்கரம் இரண்டையும் கழற்றினார்கள். வண்டி தாழ்வாக இருந்ததால் அவள் தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துத்தான் கை நீட்ட முடிந்தது. ராவிய பள்ளம் உண்டா என்று கணவர் ஒவ்வோர் அங்குலமாகத் தடவிச் சொல்ல, சந்தேகமான இடங்களில் எல்லாம் அவள் பூச்சைக் கரைத்தாள். இடது பக்கம் மருந்தடித்து, துடைத்து, பொடி போட்டார்கள். காத்திருந்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வலது பக்கத்தில் வெல்டிங் தழும்பு மாதிரி ஏதோ தெரிய, அவள் துணியை எடுத்தாள். துடைத்துப் பார்த்தால் அது அச்சில் வார்த்தபோதே விழுந்த இணைப்புத் தழும்பு. அங்கும் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். கோடு எழவில்லை. அவளுக்கு நம்பிக்கை வராமல், மொத்தத்தையும் இரண்டாவது முறை செய்தாள்.

கடைசியில் எழுந்து உட்கார்ந்தபோது மணி பத்தாகிவிட்டது. மலைக்குப் போகிறவர்கள் எப்போதோ போயிருப்பார்கள். அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு தரையிலேயே இருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. பொடி காரணமென்று சொல்லிக்கொண்டாள். மகள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ரெண்டும் நல்லாயிருக்கு சார். உங்க நாளை வீணாக்கிட்டேன்."

எக்ஸ்ரேக்காரர் சக்கரத்தின் நட்டுகளைத் துணியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு நாளைக்கு அம்பது படம் எடுக்கிறேன்க்கா. நாப்பதுல எலும்பு நல்லாத்தான் இருக்கும். யாரும் அதை வீண்னு சொல்றதில்ல."

சக்கரங்களை மாட்டிக்கொடுத்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். பச்சை விரிப்பைச் சீக்கிரம் சலவைக்குப் போட்டுவிடும்படி மட்டும் அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை பின்னறையில் இருந்த பூச்சுப் பூசிய சாமான் அத்தனையையும் இறக்கிக் கரைக்க ஆரம்பித்தாள். பதினேழு நாள் பிடித்தது. மூன்று ஆர்மும் ஒரு ஷாக்கின் அடித்தாங்கியும் கோடு காட்டின. நான்கையும் அறுத்தாள். அதன்பிறகு எது வந்தாலும் பூச்சு இல்லாமல்தான் வாங்குவாள், பூச்சு இல்லாமல்தான் விற்பாள். பழுப்பும் கீறலுமாக, மருந்தடித்த வெள்ளைத் தூள் இடுக்கில் ஒட்டியபடி. வாங்குபவரின் பெயரும் விலாசமும் இல்லாமல் சாமான் வெளியே போகாது. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்துப் போனார்கள். பளபளவென்று கொடுக்கிற பூச்சுக்காரரிடமே நேராக வாங்கிக்கொண்டார்கள். அந்த வருஷம் பாதிக்கு மேல் பல்செட்தான் குடும்பத்தை நடத்தியது. கணவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

பூச்சுக்காரரின் சாமானை மாட்டிய யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று அவளுக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்த தவளைக்காரர்கள் எல்லோருக்கும் போன் செய்து, அவரிடம் வாங்கியிருந்தால் கொண்டுவரச் சொன்னாள். சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தாள்.

போன வாரம் ஒருவர் வந்து ஒரு ஜோடி ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா, இவ்வளவு அசிங்கமா இருக்கு? ஒரு கோட் கருப்பு அடிச்சா விலை ஏறுமே."

"வாங்கிட்டுப் போய் நீங்க அடிச்சுக்கோங்க தம்பி. என்கிட்ட இருக்கிறவரைக்கும் அது இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, விலாசம் எழுத நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.