அப்பாவின் கண் சிவந்த நாட்கள்

அப்பாவுக்குக் கண் நோவு வந்ததில் எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தார். பொங்கலுக்கு வருவார், ஊர்த் திருவிழாவுக்கு வருவார். மற்ற நாட்களில் அவர் போனில் வரும் குரல் மட்டும்தான். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, அவரும் கூட வேலை செய்தவர்களும் தங்கியிருந்த தகர ஷெட்டில் மெட்ராஸ் ஐ புகுந்தது. எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டால் கான்கிரீட் யார் போடுவது என்று பயந்த மேஸ்திரி, அப்பாவை ஊருக்கு அனுப்பிவிட்டார். பொங்கலும் இல்லாமல் திருவிழாவும் இல்லாமல், கறுப்புக் கண்ணாடியோடு அப்பா மணலூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

என்னைத்தான் பார்க்க விடவில்லை. “அப்பா மூஞ்சப் பாக்காத. பாத்தாலே ஒட்டிக்கும்” என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அப்பாவும் அதற்கு உடந்தை. நான் உள்ளே போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். எத்தனையோ மாதம் கழித்து வந்த அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஆனால் விடிகாலையில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. இரவெல்லாம் வழிந்த பீளை காய்ந்து, அப்பாவின் இமைகள் ஒட்டிக்கிடக்கும். அம்மா வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கும்வரை அவரால் கண் திறக்க முடியாது. மூடிய கண்ணிலிருந்து நோய் எப்படி வரும்? அம்மா அடுப்படியில் இருக்கும் அந்த நேரத்தில், அவர் எதிரே போய் உட்கார்ந்து ஆசை தீரப் பார்ப்பேன். புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. காது மடிப்பில், எத்தனை முறை குளித்தும் போகாத சிமெண்ட் இருந்தது. ஒருநாள், “பாப்பா, நீதான?” என்றார். நான் மூச்சுவிடவில்லை. அப்பா சிரித்தார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பீளை குறையக் குறைய எனக்குக் கவலை கூடியது. சிவப்பு போனால் அப்பாவும் போய்விடுவார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பிள்ளையாரிடம், கொஞ்சமாவது விட்டுவை என்று கேட்டுக்கொண்டேன். பிள்ளையார் விட்டுவைத்தார். மூக்கோரம், வெள்ளை விழியில், முக்கோணமாக ஒரு சிவப்பு மட்டும் போகவே இல்லை.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட வந்த நர்சக்கா, அப்பாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். “மெட்ராஸ் ஐ சரியாப் போச்சுங்க. இது வேற. வெயிலும் தூசும் பட்டுப் பட்டு சதை வளருது. யாருக்கும் ஒட்டாது. கருவிழி மேல ஏறுச்சின்னா மட்டும் கள்ளக்குறிச்சிக்குப் போயி காட்டிடுங்க” என்றார். அம்மாவிடம், “மெட்ராஸ் ஐ கூட பாத்தா ஒட்டாதும்மா. கையும் துண்டும்தான் ஒட்ட வைக்கும்” என்றார். அம்மா தலையாட்டினாள். அவள் நம்பவில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலம் அப்பா போனில் மேஸ்திரியிடம் பேசினார். “இல்லீங்க மேஸ்திரி, செவப்பு இன்னும் போவல. இப்ப வந்தன்னா எல்லாருக்கும் ஒட்டிக்கும்.”

பாவம், நர்சக்கா சொன்னது அப்பாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். அம்மாவுக்கும் புரியவில்லை போலிருக்கிறது. அவள் பாட்டுக்கு இட்லிக்கு அரிசி ஊறவைத்தாள், வழக்கத்தைவிட அதிகமாக. வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான் என்று எண்ணிக்கொண்டு, நானும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு கண்ணாடி போடாத அப்பா கிடைத்தார். பள்ளிக்கூட வாசல்வரை கூடவே வந்தார். பெண்ணையாற்று மணலில் என்னைக் கழுத்துவரை புதைத்துவிட்டு, என் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதிலும் அந்த மூலைச் சிவப்பை. அதுதானே அவரை எங்களிடம் விட்டுவைத்தது! எங்களைவிட்டு அவரைக் கொண்டுபோன வெயில்தான் அதையும் வளர்த்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த மணலில் இன்னும் ஒரு சாயங்காலம் கிடைக்காதா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

கடைசியில் மேஸ்திரியே கூப்பிட்டார். செவப்பு இருந்தால் இருக்கட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து சேர் என்றாராம்.

திருவண்ணாமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அப்பா என் முன்னால் குனிந்து, கண்ணாடியைக் கழற்றினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூலை மட்டுமல்ல, இரண்டு கண்ணும் முழுக்கச் சிவந்து நீர் கட்டியிருந்தது. அழுகை என்றால் சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுவது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“எம்மா, அப்பாவுக்குத் திரும்பியும் வந்துடுச்சி! போவ வேணாம்னு சொல்லும்மா!” என்று கத்தினேன்.

பஸ் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். அம்மா பஸ் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்களும் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது.

நர்சக்கா சொன்னது தப்பு, அம்மா சொன்னதுதான் சரி என்று எனக்கு அன்றைக்கு உறுதியாகிவிட்டது. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது.