தாயார் சந்நிதியில் வைத்த பூ

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஸ்ரீரங்கம் கோயிலில் நடந்தது இது. என் அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம்.

எங்கள் திருச்சிப் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் போய்ப் பெண் பார்த்து, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது இரண்டு பக்கமும் சங்கடம். அதனால் ஏதாவது ஒரு கோயிலில், தற்செயலாகப் பார்த்துக்கொண்டது போல இரண்டு குடும்பமும் சந்திக்கும். பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்கவில்லை என்றால் சாமி கும்பிட வந்ததாக நினைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். நான் வடக்குச் சித்திரை வீதியில் குடியிருப்பதால் எங்கள் குடும்பத்துத் தற்செயல்கள் எல்லாம் என் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பும்.

இந்த முறை கோயிலில் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெண் வீட்டார் ஏர்போர்ட் போகும் வழியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்கள். அங்கே போவதென்றால் யார், எதற்கு என்று வாசலில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது நன்றாக இருக்காது என்று பெண்ணின் அப்பாவே சொல்லிவிட்டார்.

பெண்ணும் பையனும் ஒரே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்கள். அங்கே பழக்கமாகி, அது அவன் வாயால் எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீடுகளில் முதல் கேள்வி எப்போதும் சாதிதான். அந்தப் பெண்ணின் விஷயத்தில் அந்தக் கேள்வியைக்கூட மறக்கடிக்கும் அளவுக்குப் பெரிய கேள்வி ஒன்று முன்னால் வந்து நின்றது. பெண் பிறந்தது திருச்சி அரசு ஆஸ்பத்திரியில். படித்தது திருச்சியில். பேசுவது நம்மைப் போலவேதான். ஆனால் அவளுடைய அப்பா அம்மா சண்டைக்காலத்தில் படகில் வந்தவர்கள். சட்டத்தின் கணக்கில் அனுமதியில்லாமல் வந்தவர்கள். அந்தக் கணக்கில் அவளும் சேர்த்தி. அவளுக்குக் குடியுரிமை கிடையாது.

அன்றைக்கு என் வீட்டில் காபி ஆறும்வரை நடந்த வாக்குவாதத்தைச் சொல்லவேண்டும். அண்ணன் காட்டூரில் இருக்கிறார். ரிடையர் ஆனவர், யூனியன் ஆள், தெருமுனைக் கூட்டங்களில் பேசிப் பழகியவர். முகாமில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கவேண்டும் என்று மைக்கில் பலமுறை பேசியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே மண்ணில் இருக்கிறவர்களை இன்னும் அந்நியர் என்று சொல்வதற்கு வெட்கப்படவேண்டும் என்பது அவர் கட்சி. நன்றாகவே பேசுவார், கேட்டால் கண் கலங்கும்.

அண்ணி அதற்கு நேர் எதிர். உறையூரில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ரேஷன் கார்டில் ஒரு பெயரைத் திருத்த நாமே நாலு தடவை அலைகிறோம், வரிசையில் நிற்காமல் வந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் கையில் கொடுக்கவேண்டுமா என்று கேட்பார். அவர் சொல்வதில் ஒரு சொந்தக் கதையும் உண்டு. அவருடைய தம்பி வளைகுடாவில் விசா முடிந்தும் தங்கிப் பிடிபட்டு, ஒரு பையோடு திருப்பி அனுப்பப்பட்டவர்.

"என் தம்பியை அனுப்பினப்ப அந்த ஊர்க்காரங்க சட்டம்னாங்க. நாமளும் தப்பு நம்ம மேலன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தோம். நம்ம ஊருக்கு மட்டும் சட்டம் கிடையாதா?" என்றார் அண்ணி.

உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்களும் வேலைக்குப் போனவரும் ஒன்றா என்று அண்ணன் எகிறினார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி மாதிரித்தான் பட்டது. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறவள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் சண்டைகளைத் தினமும் பார்ப்பதால், டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பையன் மட்டும் பாவம், இதில் தன் கல்யாணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது, பூ வாங்கிக்கொள்ளலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். பெண் பார்க்கப் போகும்போது பையில் ஒரு முழம் பூ இருக்கும். பிடித்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டு சுமங்கலி ஒருவர் அங்கேயே பெண்ணின் தலையில் பூ வைப்பார். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் பின்வாங்கினால் அது பெண்ணுக்கு அவமானம். எங்கள் குடும்பத்தில் இந்த வேலை எப்போதும் அண்ணிக்குத்தான். நான் கணவரை இழந்தவள், எங்கள் வீடுகளில் இதையெல்லாம் இன்னும் பார்ப்பார்கள். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினார். பூ இல்லாமல் போவதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும்.

தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தில் அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பெயின்ட் வேலை செய்பவர். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தாலும் நகக் கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது. அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. பெண் காலை டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். சாதாரண காட்டன் புடவை, தலையில் பூ இல்லை. லேபில் பூ வைத்துக்கொள்ளக் கூடாதாம். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அத்தை, நல்லா இருக்கீங்களா?" என்று என்னிடம்தான் முதலில் வந்தாள். கேட்டுக்கொண்டிருந்தால் காட்டூர்ப் பெண் என்றுதான் நினைப்பீர்கள்.

அவளுடைய அப்பா சுற்றி வளைக்கவில்லை. மகளுக்குக் குடியுரிமை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலைக்கு வழியில்லை என்று வரிசையாகச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, நாங்கள் யாருமே யோசித்திராத ஒன்றைச் சொன்னார்.

"மறைச்சுக் கட்டிக் குடுக்க எனக்கு விருப்பமில்லை ஐயா. உங்கட மகன் இந்தியர்தான். ஆனா தாய் இப்பிடி இருக்கிறதால, பிறக்கிற பிள்ளைக்கும் குடியுரிமை வராது எண்டு வக்கீல் சொல்றார். யோசிச்சுச் செய்யுங்கோ."

நான் அண்ணனைப் பார்த்தேன். மைக்கில் பேசியதையெல்லாம் மனிதர் இங்கேயும் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, பையனுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு வேலை வரும்போல இருக்கிறது, குடும்பத்தோடு போவதாக இருந்தால் பாஸ்போர்ட் வேண்டுமே என்று இழுத்தார். பெண்ணின் அப்பா, அதுக்கு வழியில்லை ஐயா என்றார். அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோங்க" என்றார்.

இந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். யாரும் யோசிக்கப் போவதுமில்லை, சொல்லப் போவதுமில்லை. இத்தனை வருடம் இங்கே இருந்தவர்களுக்கு அது தெரியாதா? பெண்ணின் அம்மா பையைக் கையில் எடுத்துக்கொண்டார். பெண் ஒரு தடவை பையனைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதை என் கூடப்பிறந்தவரிடமே பார்த்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கோபத்தோடு கோபமாக, அவர் இடத்தில் நான் இருந்தாலும் பேரப்பிள்ளையை நினைத்துப் பயந்திருப்பேன் என்றும் தோன்றியது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தாயாரைச் சேவிக்காமல் போகக் கூடாது என்று எல்லோருமாகச் சந்நிதிக்குப் போனோம். முடிந்துபோன பேச்சுக்கு அப்புறம் இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் நிற்பது மாதிரி ஒரு சங்கடம் வேறு கிடையாது. அர்ச்சகர் மஞ்சள் காப்பு கொடுத்தார். அண்ணி முன்னால் நின்றதால் அவர் கையில் தாயார் மேல் இருந்த மல்லிகைச் சரம் ஒன்றையும் போட்டார்.

இங்கே அண்ணியின் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது சும்மா இருக்காது. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வெறும் தலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால்கூட, தன் பூவில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் செருகிவிட்டுத்தான் இறங்குவார். யார் என்ன என்று கேட்கமாட்டார். இந்தா வைத்துக்கொள் என்று கையில் கொடுக்கும் பழக்கமும் இல்லை, அவரே வைத்தால்தான் அவருக்குத் திருப்தி.

சந்நிதியை விட்டு வெளியே வந்ததும் சரத்தில் பாதியைக் கிள்ளினார். பக்கத்தில் நின்ற தலையில் பூ இல்லை. தன் கூந்தலில் இருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, அந்தப் பெண்ணின் பின்னலில் பூவை வைத்து, சரியாக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

பார்த்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பெண்ணின் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவள் அப்பா, பாவம், கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை. பெண் அசையாமல் நின்றாள், அசைந்தால் பூ விழுந்துவிடுமோ என்று பயந்தவள் போல. அண்ணன் என் பக்கம் திரும்பி, என்ன இது என்று கண்ணாலேயே கேட்டார்.

அண்ணி தன் கையில் மிச்சமிருந்த பாதிச் சரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழக்கதோஷம், தெரியாமல் வைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் நல்லவர்கள், பரவாயில்லை என்று போயிருப்பார்கள். அந்தப் பெண்ணும் போகும் வழியில் பூவை எடுத்துப் பையில் போட்டிருப்பாள்.

அண்ணி அந்த அம்மாவின் கையைப் பிடித்தார். "அழாதீங்க. பூ வெச்சாச்சு. நல்ல நாள் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வெடித்தார். சட்டம் சட்டம் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னது யார், கடைசியில் ஒரு பழக்கத்துக்காகப் பிள்ளையின் எதிர்காலத்தையே கொடுத்துவிட்டு வருவதா என்று கேட்டார். அண்ணி புடவை மாற்றிக்கொண்டு நிதானமாக வந்து உட்கார்ந்தார்.

"சட்டத்தைப் பத்தி இப்பவும் அதையேதாங்க சொல்றேன். நீங்கதான் அங்க பாஸ்போர்ட் இருக்கான்னு கேட்டீங்க. பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

அதற்கப்புறம் எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அண்ணன் பயந்தது எதுவும் பொய்யாகவில்லை. வெளிநாட்டு வேலை வந்தது, தனியாகப் போக மனமில்லாமல் பையன் விட்டுவிட்டான். கல்யாணமாகிக் காட்டூருக்கு வந்த பிறகும், முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் தணிக்கை என்று சொல்லும் நாட்களில் அவள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து திருச்சியை விட்டு நகராத எங்கள் குடும்பத்தில், திருச்சியில் பிறந்த அந்தக் குழந்தை எந்த நாட்டுக்காரி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வக்கீல் சொன்னது அப்படியே ஆயிற்று.

அண்ணி மருமகளையும் கூட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போக ஆரம்பித்தார். அங்கிருப்பவர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்களாம். இது டெல்லியில் முடிவாகவேண்டியது, எங்கள் கையில் இல்லை என்கிறார்களாம்.

போன மாதம் காட்டூருக்குப் போயிருந்தேன். டிவியில் இதே விஷயம் விவாதமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் கொடுக்கவேண்டும் என்றார், இன்னொருவர் கூடவே கூடாது என்றார். இரண்டு பேருக்கும் குரல் நன்றாக இருந்தது. அண்ணன் வழக்கம்போல முதலாமவர் கட்சி. ஆனால் இப்போதெல்லாம் சத்தம் போடுவதில்லை. அண்ணி பேத்தியை மடியில் வைத்துப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். என்ன அண்ணி, நீங்கள் இன்னும் எதிர்க்கட்சிதானா என்று சீண்டிப் பார்த்தேன்.

"யார் வேணா வரலாம்னு கதவைத் திறந்து போடுன்னு நான் எப்பவும் சொல்லமாட்டேன்" என்றார். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "வரிசையில நிக்கணும்னுதானே அன்னைக்குச் சொன்னேன். நிக்கத்தான் வந்திருக்கோம், வரிசை எங்க இருக்குன்னு காட்டுங்கன்னு ஆபீஸ் ஆபீஸாக் கேட்டுப் பார்த்துட்டேன். இவளுக்குன்னு ஒரு வரிசையே இல்லையாம்."

அந்தப் பூவைத் தெரியாமல்தான் வைத்தாரா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. வைத்த பிறகு அதை எடுக்காமல் இருந்ததுதான் பெரிது. நாட்டில் நடக்கும் எந்த விஷயத்துக்கும் நீ ஆதரவா எதிர்ப்பா என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் டம்ளரைக் கழுவப் போய்விடுவேன். இப்போது உட்கார்ந்து கேட்கிறேன், பேசுகிறவர் எந்தக் கட்சி என்பதை விட, எதிரே ஒரு பெண் வெறும் தலையோடு வந்து நின்றால் அவர் கை என்ன செய்யும் என்றுதான் என் மனம் பார்க்கிறது.